ரெகினோஸ் வீட்டுக் காது

குழந்தைக்குச் சுருதி தெரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

எதைத் தட்டினாலும், ஊரில் வேறு எது அதே சுருதியில் ஒலிக்கும் என்று சொல்லிவிடுவாள் நீவெஸ். வயசு ஐந்து. அந்தக் காது ஊரில் ஒரே குடும்பத்துக்குத்தான் உண்டு. மரக்கட்டைகளைத் தட்டி மரிம்பா வாசிக்கும் ரெகினோஸ் குடும்பம். காணி நிலம் மாதிரி அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது.

நீவெஸின் அப்பா திமோத்தேயோ பஸ் டிரைவர்.

கல்யாணத்துக்கு முந்தின திருவிழாவில் நடந்தது நீவெஸின் அம்மா எலுவியாவுக்கும் எல்மர் ரெகினோஸுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் வடக்கே எல்லை தாண்டிப் போனவன், திரும்பவில்லை. குழந்தையின் காது வெளியே தெரிந்தால் அப்பன் யார் என்பதும் தெரிந்துவிடும்.

"யாரு எதைத் தட்டினாலும் வாயைத் திறக்கக் கூடாது." மகளை மிரட்டித்தான் ஞானஸ்நான விருந்துக்கு அழைத்து வந்தாள்.

நாத்தனார் ஆர்செனியா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வந்துட்டா மகாராணி. தமால் கொழுக்கட்டை வெந்த வாசனை அங்க வரைக்கும் அடிச்சிருக்கு."

முற்றத்தில் எல்மரின் அப்பா, கிழவர் பிலெமோன், மரிம்பாக் கட்டையின் அடியில் மெழுகு ஒட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். தட்டிப் பார்த்தார்.

"கோயில் சின்ன மணி," என்றாள் நீவெஸ்.

கிழவர் நிமிர்ந்தார். இன்னொரு கட்டையைத் தட்டினார்.

"ரொட்டிக்காரர் ஹாரன்." சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது எங்க வீட்டுக் காதாச்சே," என்றார் கிழவர். "உனக்கு எப்படிம்மா வந்துச்சு?"

திமோத்தேயோவின் சிரிப்பு நின்றது. மகளைப் பார்த்தான். பிறகு மனைவியை.

"ஏன், உங்க வீட்டுக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கா?" அடுப்படியிலிருந்து ஆர்செனியாவின் குரல். "எங்க அம்மாவைப் பெத்த தாத்தாவுக்கும் இதே காதுதான். எங்கயோ வர்ற கழுதைய மணிச் சத்தத்தை வெச்சே யாருதுன்னு சொல்லுவாரு. டேய் திமோ, நீ பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டாரு. அவரைப் பார்த்தவ நான் ஒருத்திதான் மிச்சம்."

"அப்படியாக்கா?" திமோத்தேயோ மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "கேட்டீங்களாய்யா, எங்க தாத்தா காது."

கிழவர் எலுவியாவை ஒருமுறை பார்த்தார். மறுபடி மெழுகை உருட்டினார்.

எலுவியாவின் கைக்கு ஒரு தட்டு வந்தது.

"அந்தத் தாத்தா பிறவிச் செவிடு. வாயை மூடிட்டுச் சாப்பிடு."

காதோடு சொல்லிவிட்டு, அடுத்தவருக்குப் பரிமாறப் போனாள் ஆர்செனியா.