பசியாகவும் செலுத்தலாம்

மணப்பாறையிலிருந்து இணையத்தில் முறுக்கு விற்கும் கோமளா, பணம் கட்டும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வழியைச் சேர்த்தாள். கார்டு, யுபிஐ, அதற்குக் கீழே பசி. ஒரு வேளைப் பசியைக் கொடுத்தால் ஒரு பாக்கெட். வருகிற பசியெல்லாம் நேராகக் கணவன் தனபாலனுக்குப் போகும்படி வைத்தாள். காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவன் சோற்றைத் தொடுவதில்லை, துரும்பாய் இளைத்திருந்தான்.

பத்து நாளாக மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு ஒரு பசி வந்தது. தனபாலனும் தானே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அனுப்புவது ஒரே ஆள், சென்னை எட்வின். யார்தான் இது என்று கோமளாவுக்கு ஆவல் தாங்கவில்லை. பத்தாம் நாள், தனபாலன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் போட்டாள்.

"ஏன் தம்பி, எங்க முறுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

"ஒரு பாக்கெட்டும் பிரிக்கலக்கா. டெலிவரி வேலை. சாப்பிட வண்டிய நிறுத்துனா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிரும். பசிய உங்ககிட்ட தள்ளிட்டா தொந்தரவே இல்ல."

"அப்ப எப்பதான் சாப்பிடுவே?"

"அதான் பசிக்கலையே!" என்று சிரித்தான். "பேன்ட்டுதான் இடுப்புல நிக்க மாட்டேங்குது."

"நாளைலேர்ந்து உன் பசி எனக்கு வேணாம்ப்பா. வண்டிய ஓரங்கட்டிட்டு சாப்பிடு."

போனை வைத்துவிட்டு, பணம் கட்டும் பக்கத்திலிருந்து மூன்றாவது வழியை நீக்கினாள்.

"கோமு, இன்னும் ரசம் இருக்கா?" என்றான் தனபாலன்.

கோமளா ரசத்தோடு இரண்டு கரண்டி சோறும் சேர்த்துப் போட்டாள். அவன் கடைசிப் பருக்கை வரை சாப்பிடுவதைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.