கொப்புளத்துக்கு ஒரு நாள்

பெரியவன் கையை நீட்டினான்.

அந்த பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் ஹாலுக்குள் நுழையும் முன் எல்லோரும் கையை நீட்டத்தான் வேண்டும். சூப்பர்வைசர் முதலில் உள்ளங்கையைப் பார்ப்பார், பிறகு புறங்கையை. புண்ணோ கொப்புளமோ இருந்தால் அன்றைக்கு உள்ளே விடமாட்டார். சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பெரியவனின் புறங்கை முழுக்கக் கொப்புளம். சிவந்து, நீர் கோத்து, பார்க்கவே பயமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் வேலியோரத்தில் பட்டர்கப் பறித்தான். வெண்ணெய் பூசியதுபோல் மினுமினுக்கும் சின்ன மஞ்சள் பூ. பார்த்தால் பரம சாது. ஆனால் அதன் இலையைக் கசக்கிக் கையில் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கினால், காலையில் தோல் வெந்துபோயிருக்கும்.

கம்பெனி வாசல் தொட்டியில் இதன் பணக்காரச் சொந்தம் ஒன்று இருக்கிறது. அடுக்கடுக்காக இதழ்கள், ரனன்குலஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயர். அதைத் தொட்டால் வாட்ச்மேன் கத்துவார். வேலியோரத்துப் பூவைக் கேட்பாரில்லை.

வித்தை தம்பியுடையது. அதே ஹாலில் வேலை பார்த்த சின்னவன். மேட்ச் இருக்கும் நாளெல்லாம் அவன் கையில் தவறாமல் கொப்புளம் வந்துவிடும். பெரியவன் தலையில் அடித்துக்கொள்வான்.

இன்றைக்கு அவனுக்கே லீவு தேவைப்பட்டது. சின்னவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மாதமாகிறது. இன்று அவனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், போவதற்கு வேறு ஆளில்லை. பெரியவனின் லீவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஒரு கொப்புளத்தை அழுத்திப் பார்த்தார். வலித்திருக்க வேண்டும். பெரியவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாருடைய கையையோ இரவல் வாங்கி நீட்டியது போலிருந்தது.

வருஷக்கணக்கில் கைகளையே பார்த்தவர், கண்டுபிடிக்காமல் இருப்பாரா? இருந்தாலும் சிரித்தார்.

"தம்பி வித்தைய அண்ணனும் கத்துக்கிட்டாச்சா? சரி, போ. அவன் எப்ப வீட்டுக்கு வர்றான்?"

"இன்னைக்கு, சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சின்னவன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்றும், உடம்பைத் தேற்றிக்கொண்டு மெதுவாக வரட்டும் என்றும் சொன்னார். பெரியவன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான்.

கொப்புளத்துக்கு ஒரு நாள்தான் லீவு. வீட்டில் சாவு என்றால் ஒரு வாரம் உண்டு. கேட்டவுடன் கொடுப்பார்கள், கையைப் பொசுக்கிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அதற்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நேற்று மத்தியானம் டாக்டர் போனில் சொன்னதை அவன் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா இந்நேரம் சின்னவனின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருப்பாள். அவளிடமும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தான், இன்றைக்கு வருகிறான் என்று.