கிகுயோ அம்மாளின் தூக்கம்

நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஜப்பானில் ஊழியர் யாருமில்லாத ஒரு மலை ஸ்டேஷனின் காத்திருப்பு அறையில், பெஞ்சும் அதன் மேல் கிடந்த பஞ்சு மெத்தையும் பேசிக்கொள்ளும். ஒருநாள் அவற்றுக்குப் பெரிய கவலை: அன்றைக்கு வரும் ஒற்றைப்பெட்டி ரயிலில் ஓர் அதிகாரி இருப்பார். ஒருவர்கூட ஏறாவிட்டால் ஸ்டேஷனை மூடிவிடுவார்கள்.

நல்லவேளையாக, முள்ளங்கிக் கூடையோடு கிகுயோ அம்மாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்தாள்.

"இவளை விட்டா வேற ஆள் இல்லை. சலிச்சுப்போய் வீட்டுக்குத் திரும்பிடப் போறா, இதமா இரு" என்றது பெஞ்சு.

"எனக்கே சொல்லித் தர்றியா? நீ முதல்ல கிறீச்சிடாம இரு" என்றது மெத்தை.

பெஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டது. காலை வெயிலில் சேர்த்த சூட்டையெல்லாம் மெத்தை அவளுக்குக் கொடுத்தது. கிகுயோ கண்ணயர்ந்தாள்.

"பாத்தியா, அசையவே இல்லை" என்று மெத்தை பெருமைப்பட்டது.

ரயில் வந்தது. பெஞ்சு பதறிப்போய், நாலு காலும் நோகக் கிறீச்சிட்டது. மெத்தை கல்லாக மாறப் பார்த்தது, முடியவில்லை; அவள் விழிக்கவே இல்லை. பிளாட்பாரத்தில் ஆளில்லை என்று ரயில் கிளம்பிவிட்டது.

வெகுநேரம் கழித்து எழுந்த கிகுயோ, மெத்தையைத் தட்டிக்கொடுத்தாள்.

"வீட்டுலகூட இப்படித் தூங்கினதில்லை. நாளைக்கும் வரணும்."

அவள் உட்கார்ந்த பள்ளத்தை மெத்தை அதன் பிறகு நிமிர்த்திக்கொள்ளவே இல்லை.