அகராதியில் இல்லாத ராஜினாமா

தேயிலைத் தோட்ட அலுவலகத்தின் கண்ணாடியில் பனி அப்பியிருக்கிறது. உள்ளே வெளிச்சம் என்றால் கணினித் திரைதான். ஈப்போவில் வேறு வேலை கிடைத்துவிட்ட தர்ஷினி, பெட்டியை முழங்காலோடு அணைத்தபடி விடுவிப்புக் கடிதத்துக்காக நிற்கிறாள். வெளியே பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி யோகேந்திரன் டையை நீவிவிட்டுக்கொண்டு, உலகத் தரமான தரவு அகராதியை அவளுக்கு விளக்குகிறார். திரையில் எந்தக் கட்டத்தில் எந்தச் சொல் நுழையலாம் என்று அதுதான் தீர்மானிக்கிறதாம். வேலையை விட்டுப் போகும் காரணத்துக்கு அதில் இரண்டே சொற்கள்: ஓய்வு, இறப்பு. ஒன்றை நிரப்பினால்தான் கடிதம் வரும். ஓய்வுக்கு அவளுக்கு வயது போதாது. "ராஜினாமான்னு ஒன்னு சேத்துடுங்க சார்." "அகராதியும் அதே தரவுத்தளத்துக்குள்ள ஒரு அட்டவணைதாம்மா. அதை யாரு திருத்தலாம்னும் அதுக்குள்ளயேதான் இருக்கு. பழைய மேனேஜர் மட்டும்." "அவருதான் போயிட்டாரே!" "புது மேனேஜர் பேரைப் போடணும்னாலும் அவருதான் வந்து போடணும்." குரலில் பெருமை குறையவில்லை. பஸ் ஹாரன் அடிக்கிறது. "அப்ப செத்துட்டேன்னே போடுங்க லா." அவர் தயங்கித் தயங்கி 'இறப்பு' என்பதை அழுத்துகிறார். திரை அடுத்த கட்டத்தைத் திறந்து மினுக்குகிறது. "உடலை யாரு வாங்கிக்கிறதுன்னு கேக்குது." தர்ஷினி பெட்டியைத் தூக்கிக்கொள்கிறாள். "நானே எடுத்துக்கிட்டுப் போறேன், போடுங்க சார்."