கொடி போகும் வழி

நிலைப்படியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கிவிட்டாள்.

“ஏய், நீ இருளாயி மகதான? பின்னாடி வழியா வா.”

மாளிகையின் மேலாளர். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். குரலில் கோபம்கூட இல்லை. தினமும் சொல்வதைச் சொன்னார், அவ்வளவுதான்.

தூக்கிய கால் அவளைக் கேட்காமலேயே கீழே இறங்கிவிட்டது.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆள் சொன்னதைவிட, இந்தக் கால்!

பின்னால் பன்னிரண்டு விருந்தினர்கள், சென்னைக்காரர்கள். அவர்களுக்கும் பின்னால் மதிப்பெண் தாளோடு அவளுடைய பேராசிரியர். சுற்றுலாவியல் கடைசி வருடம், செய்முறைத் தேர்வு. ஒரு குழுவுக்கு வழிகாட்டியாக நின்று ஓர் இடத்தை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். தேறினால் வெளியூரில் வேலை. இல்லாவிட்டால் இதே ஊர், இதே பின்வாசல்.

உன் சொந்த ஊரையே போட்டிருக்கிறேன், உனக்குச் சுலபம்தானே என்று சிரித்திருந்தார் பேராசிரியர்.

சுலபமாம்!

மூன்று வருடமாக ஊர் ஊராகப் போயாயிற்று. ஹம்பி. ஜெய்ப்பூர். மைசூரு. ராஜா தூங்கிய அறை, ராணி குளித்த குளம், எல்லாம் பார்த்தாயிற்று. டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டார்கள். அம்மா பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு அரண்மனையிலும் பெரிய வாசல் வந்ததும் நின்றுவிடுவாள். பக்கத்தில் சந்து ஏதும் போகிறதா என்று கண் தேடும். தோழிகள் கேலி செய்வார்கள். மைசூரில் காவலாளி தமிழிலேயே கத்திவிட்டார், வழியை மறிக்காதே, உள்ளே போம்மா என்று.

ஏன் அப்படி நின்றாள் என்று அவளுக்கே அப்போது விளங்கவில்லை.

இப்போது விளங்கியது.

மாளிகையின் கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தன. முகப்பிலிருந்து பார்த்தால் முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிக் கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு வெளிச்சம் தெரியும். அதுதான் பின்வாசல். விருந்தினர்கள் அதை வியந்து வியந்து படம் எடுத்தார்கள்.

அவளுக்கு அந்தப் பக்கம்தான் பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பாள். அங்கிருந்து பார்த்தால் தெரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும்.

இந்த வாசலில் நின்று பேசுவதற்காக விருந்தோம்பலைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். எத்தனை இனிப்பான சொற்கள். தூ!

கையிலிருந்த வழிகாட்டிக் கொடியைத் தூக்கினாள்.

கொடி எங்கே போகிறதோ அங்கேதான் குழு போக வேண்டும். பேருந்திலேயே சொல்லிவிட்டாள். வழிகாட்டிக்கு அது முதல் பாடம். ஒவ்வொரு வாசலிலும் தலை எண்ணுவது இரண்டாவது.

“பின்வாசல் வழியா வரச் சொல்றாங்க. எல்லாரும் வாங்க.”

“நான் உன்னையத்தானே...” என்று மேலாளர் ஆரம்பிப்பதற்குள் கொடி சந்துக்குள் திரும்பிவிட்டது. பன்னிரண்டு பேரும் சமர்த்தாகப் பின்தொடர்ந்தார்கள். பேராசிரியர் சாக்கடையைத் தாண்டிக் குதித்தார்.

கொல்லையில் இருளாயி புளி போட்டுப் பித்தளைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விருந்தினர்களின் மதியச் சாப்பாட்டுக்கான பாத்திரம். மகளையும் கூட்டத்தையும் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

“அடியே, இவுகள ஏன்டி இங்கிட்டுக் கூட்டியாந்த? எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்றாதடி!”

அவள் விருந்தினர்கள் பக்கம் திரும்பினாள். விரலை நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதுவும் பாடத்தில் உள்ளதுதான்.

“இது எங்க அம்மா. என்னைய வயித்துல சுமக்கும்போதே இங்க வேலைக்கு வந்தாங்க. அந்தத் திட்டுலதான் எங்களுக்குச் சோறு. அந்த மாடத்துல கவுத்திருக்கே, அது எங்க டம்ளர். இந்த வாசலைத் தாண்டி அம்மா உள்ள போனதில்ல. நானும் போனதில்ல.”

 

யாரும் படம் எடுக்கவில்லை. பேராசிரியர் மதிப்பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை.

பின்வாசலில் கால் மறுபடியும் தயங்கியது.

போ, என்று அதட்டினாள். காலைத்தான்.

அடுப்படி. இரண்டாம் கட்டு. முற்றம். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. தூண்கள் எங்கிருந்து வந்தன, தரை எதனால் வழவழக்கிறது, எல்லாம் படித்திருந்தாள். எதற்கும் நிற்காமல் நடந்தாள். தீப்பெட்டி அளவுத் தெரு பெரிதாகிக்கொண்டே வந்தது.

முகப்பில் மேலாளர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உள்பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சந்துப் பக்கம் பார்த்தபடி.

“வழிய மறிக்காதீங்க சார். நாங்க வெளிய போகணும்.”

திடுக்கிட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். டிக்கெட் வாங்கிய கூட்டம். படியிறங்கித் தெருவில் போய் நின்றார்.

அவள் நிலைப்படியைத் தாண்டினாள்.

தெருவில் நின்று, திரும்பி, தலை எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பன்னிரண்டு முடிந்தது. பேராசிரியரும் வந்துவிட்டார்.

வாசல் காலியாகவில்லை.

இன்னும் ஒருவர். நிலைப்படியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கிவிட்டு, மேலாளரைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கைகளில் புளி இன்னும் காயவில்லை.

அவள் கொடியை எட்டிய மட்டும் உயர்த்திப் பிடித்தாள்.