பாதி மேடு

குவார்க் என்னும் அடிப்படைத் துகள்களில் இரண்டு கனமானவையும் இரண்டு லேசானவையும் சேர்ந்த புதுத் துகள் இருந்தால், துகள் மோதல்களை எண்ணிப் போடும் வரைபடத்தில் ஒரு மேடு தெரிய வேண்டும். மூன்று வருட உழைப்பில் ஆய்வாளர் ஜெசிந்தாவுக்கு அது தெரிந்தது. அதை அறிவிக்கலாமா என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு முன், கணக்கைச் சரிபார்த்த முபாரக் அவளைத் தனியே அழைத்தான்.

"அக்கா, சில இடத்துல ஒரே துகளோட தடத்தை ரெண்டு தடவை எண்ணியிருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. நீங்களே திருத்திடுங்க."

"மேடே காணாமப் போச்சுன்னா?"

"டீ வாங்கித் தரேன்."

கூட்டத்தில் அவள் எழுந்தாள். "தப்பு என்னுது. கண்டுபிடிச்சது முபாரக்" என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் திருத்திய கணக்கை ஓட்டினாள். திரையில் மேடு பாதியாகச் சரிந்தது. மீதி மெல்லியதாக, நேராக நின்றது. அறை கைதட்டியது. ஜெசிந்தா திரைக்கு முதுகைக் காட்டி, கடைசி வரிசையில் இருந்த முபாரக்கைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.