மினி பஸ் மகாராஜா

“இதுல தூங்குறவரு எங்க மாமா” என்றான் கதிர்வேல், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். சிதம்பரத்திலிருந்து பைக்கில் உடன் வந்திருந்த அவன் அக்கா மங்கம்மா, புத்தகத்தின் பதினோராம் பக்கத்தைப் பிரித்து விரலை ஊன்றினாள்.

ஆண்ட்ரூ குனிந்து பார்த்தான். மினி பஸ் ஜன்னலோரம் வாயைப் பிளந்து தூங்கும் ஓர் ஆள், சட்டையெல்லாம் ஜொள்ளு. கீழே ‘மினி பஸ் மகாராஜா, குமராட்சி’ என்று கொழுப்பெடுத்துப் போய் எழுதித் தொலைத்திருந்தான்.

கடலூர் செம்மண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு மாதாமாதம் இப்படி ஒரு போட்டோ புத்தகம் போடுவதுதான் ஆண்ட்ரூவின் பிழைப்பு. தானே எடுத்து, தானே அச்சடித்து, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்புவான். ‘மேகஸீன்’ என்பதன் வாலை மட்டும் வெட்டி அவன் அதை ‘ஸீன்’ என்பான். தபால்காரர் கல்யாணப் பத்திரிகை என்பார்.

அட்டையில் கொட்டை எழுத்தில் ‘இந்த மாதம் எடுத்த படங்கள் மட்டுமே’ என்று போட்டிருக்கும். ஜனங்கள் சந்தா கட்டுவதே அதற்காகத்தான். ஆனால் ஆண்ட்ரூ துரைக்கு வெயிலில் அலைய உடம்பு வணங்காது. முக்கால்வாசி பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து உருவியவை. மகாராஜாவும் அப்படி வந்தவர்தான். எந்த வருடம் எடுத்தது என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

மார்ச் இதழில் மீன்காரம்மா கையில் எப்போதோ நிறுத்திவிட்ட இரண்டாயிரம் ரூபாய் நோட்டு இருந்ததைப் பார்த்துவிட்டு, பாதிப் பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு தடவை மாட்டினால் கடையை மூட வேண்டியதுதான். மிச்சமிருக்கும் சந்தாதாரர்களில் கதிர்வேலும் ஒருவன், அதிலும் சந்தாதாரர்களின் வாட்ஸப் குரூப்பில் வாய் ஓயாதவன்.

உதை விழுவதற்குள் முந்திக்கொள்வோம் என்று ஆண்ட்ரூ ஆரம்பித்தான். தூங்கும் முகம்தான் மனுஷனின் நிஜ முகம், வெளிநாட்டில் இந்த மாதிரிப் படத்துக்குப் பரிசே கொடுக்கிறார்கள் என்று கூசாமல் அளந்தான். வேண்டுமானால் நேரில் வந்து மாமா காலிலேயே விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தான். கதிர்வேல் அக்காவைப் பார்த்தான்.

மங்கம்மா இது எதையும் காதில் வாங்கவில்லை. வீட்டில் புருஷன் படமென்று மாட்டியிருப்பது ஆதார் கார்டிலிருந்து பெரிதாக்கிய படம், அதில் அவர் முகம் யாரோ மாதிரி இருக்கிறது, இதுதான் அச்சு அசல் அவர் என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“இது எப்ப எடுத்ததுங்க?”

ஆண்ட்ரூ உஷாரானான். இது ஜொள்ளுப் பஞ்சாயத்து இல்லை, தேதிப் பஞ்சாயத்து. படம் பழசு என்று தன் வாயால் சொல்லவைத்து குரூப்பில் போடத்தான் கதிர்வேல் அக்காவையும் சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறான். படுபாவி.

“போன மாசம்தாங்க” என்றான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா” என்றான் கதிர்வேல். “பழைய படமா இருந்தாலும் பரவால்ல. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

போடா, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று ஆண்ட்ரூ மனதுக்குள் கறுவிக்கொண்டான். அப்புறம் அவன் விட்ட கதைக்குப் பஞ்சமே இல்லை. போன மாதம் பதினாலாம் தேதி, காலை ஏழே கால் மினி பஸ். குமராட்சியில் இறங்கி இரண்டு பேரும் ஒன்றாக டீ குடித்தார்கள். காசு கொடுத்ததுகூட மாமாதான். தங்கமான மனுஷன், வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லிக் கையைப் பிடித்துக் கூப்பிட்டார்.

“மாதா மேல சத்தியமா, போன மாசம்தாங்க” என்று முடித்தான்.

மங்கம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. புத்தகத்தை மெல்ல மூடிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள்.

“அப்ப போன வருசம் கொள்ளிடக்கரையில நாம கொளுத்துனது யாருடா?”